கொசு உள்ளான் கூட்டத்தில் குணவதியின் வீட்டுக்காரர்

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டு, உப்புப் பாத்திகள் வரப்பு தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடந்த ஒரு காலையில், கருவைமுனைக்கு வருஷா வருஷம் வருகிற கொசு உள்ளான் குருவிகள் வழக்கம்போல வடக்கேயிருந்து வந்து சேற்றில் இறங்கின. வழக்கம்போல ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பு, சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கறுத்த அலகு, ஒன்றைப் பார்த்தால் நானூறையும் பார்த்த மாதிரி ஒரே அச்சு. வழக்கத்தில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அந்த வருஷம் வந்தவை ஊர் ஆம்பிளைகள்.

ஊர் ஆம்பிளைகள் என்றால் ஊரில் இருந்தவர்கள் அல்ல. அவர்கள் பாட்டுக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மழையைக் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். இவர்கள் சார்ஜாவுக்கும் தோஹாவுக்கும் மஸ்கட்டுக்கும் சாரம் கட்டவும் குழாய் பதிக்கவும் லாரி ஓட்டவும் போனவர்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு என்று சொல்லி அழைத்துப் போகப்பட்டு நாலு வருஷமானாலும் லீவு கிடைக்காதவர்கள், போட்டோவில் மட்டும் குண்டாகிக்கொண்டே வருகிறவர்கள். அவர்களில் யாரும் சாகவில்லை, யாரும் காணாமல் போகவில்லை, காலையில் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டும் இருந்தார்கள், இங்கே சேற்றில் மேய்ந்துகொண்டும் இருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருப்பான் என்று கருவைமுனையில் யாரும் கேட்கவில்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு அது தெரியாத வித்தையா என்ன.

முதலில் கண்டுபிடித்தவள் தனபாக்கியம். அவள் புருஷன் கலியமூர்த்திக்கு ஒரு பழக்கம், குளமோ வாய்க்காலோ குளிக்கிற இடமோ, தண்ணீரில் கால் வைக்குமுன் வலது காலை மூன்று தரம் உதறிவிட்டுத்தான் வைப்பான். அன்று மத்தியானம் நண்டு பிடிக்கப் போன தனபாக்கியம், வரப்போரம் ஓர் உள்ளான் வலது காலை மூன்று தரம் உதறிவிட்டுத் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தாள், இன்னொரு தரம் பார்த்தாள், "வந்துட்டீங்களா" என்றாள், நண்டுக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் சார்ஜாவிலிருந்து கலியமூர்த்தி கூப்பிட்டான். "மத்தியானம் சோறு தின்னுட்டு சித்த கண்ணசந்தேன் பாரு, காலெல்லாம் ஒரே சேறு. ஆமா, நல்ல நாளுக்கு வச்சிருந்த பச்சைப் புடவைய எதுக்கு இப்ப எடுத்துக் கட்டுனே?" என்று கேட்டான்.

மறுநாள் ஊரே வரப்பில் நின்றது.

நின்றதே தவிர, எது யாருடையது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. போட்டோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கன்னத்தில் மச்சம் என்றாள் ஒருத்தி. குருவிக்குக் கன்னம் ஏது. முரட்டு மீசை என்றாள் இன்னொருத்தி, அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எங்க வீட்டுக்காரர் நல்ல கறுப்பு, காலைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று குனிந்தவளுக்கு அத்தனை காலும் ஒரே சேறாகத்தான் தெரிந்தது. வெயில் ஏறியதும் தண்ணீரின் பளபளப்பில் கண் கூசியது, குருவிகள் வெறும் நிழல்களாக ஓடின, அப்போதுதான் எல்லோருக்கும் குணவதியின் ஞாபகம் வந்தது.

குணவதி உப்பளத்தில் உப்பை வாரிக் குவிக்கிற வாருபலகை பிடிக்கிறவள், வயது முப்பத்து நாலு. மழை மாதங்களில் அளத்தில் வேலை இருக்காது, அதனால் பட்டணத்திலிருந்து பறவைக் கணக்கெடுக்க வருகிற குருவி சாருக்கு மூன்று கால் தாங்கியைத் தூக்கிக்கொண்டு ஆறு வருஷமாகப் பின்னால் போய்வந்தாள். சார் தொலைநோக்கியில் பட்டையையும் புள்ளியையும் தேடிக்கொண்டிருப்பார், வெளிச்சம் போதவில்லை என்பார், சேறு மறைக்கிறது என்பார், அதற்குள் அவள் வெறும் கண்ணால் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுவாள். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அரை மைலுக்கு அப்பால் வருகிற ஆள் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிகிறதே, முகத்தைப் பார்த்தா தெரிகிறது என்று திருப்பிக் கேட்பாள்.

வரப்பில் கூடியிருந்த பெண்களிடம் அதையேதான் சொன்னாள். "நிறத்த நம்பாதிய. சேறு எல்லாக் காலையும் ஒரே காலா ஆக்கிப்புடும். நடையப் பாருங்க. நிக்கிறதப் பாருங்க. பக்கத்துல இன்னொண்ணு மேய வந்தா வழி விடுதா, முட்டுதா, அதப் பாருங்க." பிறகு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். உங்க வீட்டுக்காரரு பந்தியில மொதல்ல உக்காருவாரா கடைசியிலயா? சோத்துல கைய வைக்குமுன்ன மோந்து பாப்பாரா? கோவம் வந்தா பேசுவாரா, பேசாம இருப்பாரா? சிலர் மளமளவென்று சொன்னார்கள், சிலர் கூசினார்கள், சிலருக்கு ஒன்றுமே சொல்லத் தெரியாமல் இருந்தது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. கௌசிகா என்று ஒரு பெண், கல்யாணமான பத்தொன்பதாம் நாள் புருஷனை விமானம் ஏற்றிவிட்டவள், எனக்கு அவரைப் பற்றி எதுவுமே தெரியாது அக்கா என்று வரப்பில் உட்கார்ந்து அழுதாள். குணவதி விடவில்லை, பத்தொன்பது நாளும் என்னென்ன நடந்தது என்று ஒவ்வொரு நாளாகக் கேட்டாள், கடைசியில் அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "செருப்பக் கழட்டுனா ரெண்டையும் ஒட்டி ஒட்டி வைப்பாரு" என்றாள். நானூறு உள்ளான்களில் ஒன்று மட்டும் நிற்கும்போதெல்லாம் இரண்டு காலையும் ஒட்டி ஒட்டி வைத்து நின்றது. கௌசிகா அதைப் பார்த்து வெட்கப்பட்ட வெட்கத்தில் குணவதி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு ஊர் தன்னைக் கொஞ்சம் மாற்றி அமைத்துக்கொண்டது. பங்குனி வரைக்கும் நாய்களைக் கட்டிப்போட வேண்டும் என்று பஞ்சாயத்தில் முடிவானது. சேற்றுமேட்டில் வலை காயப்போடக் கூடாது, கார்த்திகைக்கு வெடி கூடாது, டீக்கடைப் பாட்டுச் சத்தம் வாசலைத் தாண்டக் கூடாது. ரேஷன் கடைக்காரர் மத்தியானத்தில் அரிசி போட்டால் வாங்க ஆள் வரவில்லை என்று காலையிலேயே திறந்து காலையிலேயே மூடினார். பெண்கள் மத்தியானச் சோற்றை முடித்ததும், அங்கே ஆம்பிளைகள் கண்ணசருகிற நேரம் அது என்று, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வரப்புக்குப் போனார்கள், ஆளுக்கு ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள், பிள்ளைக்குப் பல் முளைத்ததை, கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏறியதை, நாத்தனார் சொன்ன சொல்லை எல்லாம் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்கள். பக்கிரிசாமியின் குருவிக்கு மட்டும் பெரிய தகராறு. வடக்கு வரப்பில் நின்று அவன் அம்மா "பக்கிரி, எலேய் பக்கிரி" என்று கூப்பிட, தெற்கு வரப்பில் நின்று அவன் பெண்டாட்டி "ஏங்க" என்று கூப்பிட, குருவி சரியாக நடுவில் நின்று இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல் விழித்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சந்தேகமே இல்லை, இது பக்கிரிசாமிதான் என்றார்கள்.

குருவி சார் மார்கழியில் வந்தார். கொசு உள்ளான், நானூற்றுப் பன்னிரண்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டார். வரப்பு நெடுகப் பெண்கள் உட்கார்ந்து முணுமுணுப்பதைப் பார்த்து, "என்னம்மா பேசுறாங்க?" என்று கேட்டார். "குடும்ப விஷயம் சார்" என்றாள் குணவதி. அவர் கூச்ச சுபாவி, அதற்கு மேல் கேட்கவில்லை.

இத்தனை பேர் புருஷனையும் அடையாளம் காட்டிக் கொடுத்த குணவதிக்கு அவள் வீட்டுக்காரர் மட்டும் அகப்படவில்லை. அவர் பெயரை நாம் இங்கே சொல்லிவிடலாம், ஆனால் அவளே வாயால் சொல்லாத பெயரை அவளுக்கு முந்திக்கொண்டு நாம் சொல்வது நன்றாக இருக்காது. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவள் அதைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள், கணக்கெடுக்க வந்தவர் கேட்டால் உள்ளே போய்க் குடும்ப அட்டையை எடுத்து வந்து நீட்டுவாள். யாரும் அவளைத் தடுத்ததில்லை, சொன்னால் ஆயுசு குறையும் என்றெல்லாம் அவள் நம்பவும் இல்லை. நாக்கு புரளவில்லை, அவ்வளவுதான். பிள்ளை இருப்பவர்கள் செல்விக்கு அப்பா, முருகனுக்கு அப்பா என்று சொல்லிக்கொள்வார்கள், குணவதிக்கு அந்த வழியும் இல்லை. அவருக்கு அவள் வைத்திருந்த ஒரே பெயர் "ஏங்க" என்பதுதான்.

இரண்டு வருஷம் கூட இருந்தார், ஏழு வருஷமாக மஸ்கட்டில் சாரம் கட்டுகிறார். மூன்றாவது தடவையாக அவளைக் கேட்காமலே ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபோனில் சொன்னபோது, அவளுக்கு வந்த ஆத்திரத்தில், "வர்றதா இருந்தா வாங்க, இல்லாட்டி இனிமே கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிற ஆள் அவர், அதன் பிறகு கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. குருவிகள் வந்தபோது பத்து மாசம் ஆகியிருந்தது. அங்கே அவருக்குத் தன் நினைப்பு இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதற்கு இப்போது ஒரு வழியும் இருந்தது. நினைப்பு இருந்தால் குருவி வந்திருக்கும், இல்லாவிட்டால் இல்லை. தினமும் ஊரெல்லாம் சோற்றுக்குப் போன நேரம் பார்த்து அவள் சேற்றுமேட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து தேடினாள். அகலமாகக் கால் எடுத்து வைக்கும், நெஞ்சை நிமிர்த்தி நடக்கும், போகிற போக்கில் எதையாவது தாண்டிக் குதிக்கும் ஓர் உள்ளானைத் தேடினாள். அப்படி ஒன்று அந்தக் கூட்டத்தில் இல்லவே இல்லை. நாக்கு வறண்டு போய் ஒருநாள் "ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் அலகை நிறுத்தித் தலை தூக்கித் திரும்பிப் பார்த்தது, கல்யாணமாகாத முப்பது நாற்பது பையன்கள் மட்டும் தம் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். குணவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

குருவி வராதவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவருக்கு இந்த வருஷம் வேலை ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வரப்புப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். அன்னக்கொடி மட்டும் நிறுத்தவில்லை. அவள் புருஷன் மலேசியாவுக்குப் போய் எட்டு வருஷமாகிறது, அங்கே அவனுக்கு இன்னொரு வீடும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும், ஊருக்குத் தெரியும் என்பது அன்னக்கொடிக்கும் தெரியும். இருந்தும் பதினெட்டு நாள் பூ வைத்துக்கொண்டு வந்து வரப்பில் நின்றாள், பதினெட்டு நாளும் குணவதியிடம் எதுவும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் நாள் குணவதிக்குத் தாங்கவில்லை. கூட்டத்தில் சேராமல் கழிமுகத்தை ஒட்டிய உடைந்த மதகுக்குப் பக்கத்தில் ஒண்டியாக நின்ற ஒரு குருவி, யாரும் சொந்தம் கொண்டாடாதது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பது, அதைக் கை காட்டி, "அக்கா, அதான் உங்களோடது" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். அன்னக்கொடி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மதகுக் கல்லில் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.

தை பிறந்தது. பாத்திகளில் தண்ணீர் வற்றி வேலை தொடங்கியது, பெண்கள் விடியலில் உப்பு வாரிவிட்டு மத்தியானம் தண்ணீர் நின்ற கழிமுகப் பக்கம் போனார்கள். மாசி கழிந்ததும் குருவிகள் நிறம் மாற ஆரம்பித்தன. வடக்கே போகுமுன் சாம்பல் இறகு உதிர்ந்து செம்மண் நிற இறகு முளைப்பது வருஷா வருஷம் நடப்பதுதான், ஆனால் இந்த வருஷம் ஊர் கலங்கிப்போனது. நேற்று வரைக்கும் தன் புருஷனாக இருந்தது இன்று வேறு யாரோ போல இருக்கிறதே என்று மறுபடியும் குணவதியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளும் சலிக்காமல் ஒவ்வொருத்திக்கும் சொன்னாள், இறகு மாறினால் ஆள் மாறிவிட்டதாக அர்த்தமில்லை, நாலு மாசம் முந்தி பார்த்ததையே மனசில் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது, இப்போது இருக்கிறபடி பாருங்கள் என்று. சொல்லும்போது அவள் காதில் அது விழவில்லை. அடுத்தவருக்குச் சொல்கிற எதுதான் நம் காதில் விழுகிறது.

தெற்குக் காற்று எழுந்துவிட்டது, இன்னும் ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்று தெரிந்த ஒரு மத்தியானம், குணவதி முழங்கால் சேற்றில் தனியாக நின்றாள். சுற்றுமுற்றும் மூன்று தரம் பார்த்தாள். கருவை மரங்களைத் தவிர யாரும் இல்லை. முதலில் உதட்டை மட்டும் அசைத்தாள், பிறகு காற்று மட்டும் வந்தது, பிறகு தனக்கே கேட்கிற அளவுக்குச் சொன்னாள், கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கழிமுகமெல்லாம் கேட்கக் கத்தினாள்.

"வைரக்கண்ணு!"

கண்ணைத் திறந்தபோது கூட்டம் கூட்டமாக மேய்ந்தவற்றில் ஒன்றும் தலை தூக்கவில்லை. உடைந்த மதகுப் பக்கமிருந்து ஒரே ஒரு குருவி நடந்து வந்தது. பறந்து வரவில்லை, நடந்து வந்தது, வலது பக்கம் சாய்ந்து, ஏழு வருஷம் இரும்புக் குழாய்களை ஒரே தோளில் தூக்கித் தூக்கி அந்தத் தோள் இறங்கிவிட்ட ஒருவர் நடந்து வருகிற நடை. எதையும் தாண்டிக் குதிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தரை தாங்குமா என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தது, உயரத்தில் பலகை மேல் நடந்து பழகியவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். இரண்டு கை தூரத்தில் வந்து நின்று அவளைப் பார்த்தது. இத்தனை நாளும் அவள் தேடியது புதுமாப்பிள்ளையை. வந்திருந்தவருக்கு நாற்பது வயது.

பேச எவ்வளவோ இருந்தது, பதினாலு மாசமாக அடுப்படியிலும் அளத்திலும் தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டது எல்லாம் இருந்தது, ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. நின்றாள், அதுவும் நின்றது. தூரத்தில் அன்னக்கொடி வருகிற கொலுசுச் சத்தம் கேட்டது. அவள் மதகுக் கல்லில் உட்கார்ந்ததும் குருவி குணவதியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாய்ந்து சாய்ந்து அன்னக்கொடியின் பக்கம் நடந்து போனது.

குணவதி சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் வாய்க்குள் திட்டிக்கொண்டே கிடந்தாள். தன் கையாலேயே எடுத்து அடுத்தவளுக்குக் கொடுத்த மடச்சி என்று தன்னைத் திட்டினாள், நாலு மாசம் என் புருஷனை உட்கார வைத்துக் கதை பேசினாளே என்று அன்னக்கொடியைத் திட்டினாள், போகச் சொன்னால் போய்விடுகிறதா, கூப்பிடாதே என்றால் கூப்பிடாமல் இருக்கிறதா, இது என்ன ஆம்பிளை என்று அவரைத் திட்டினாள். மூன்றாம் நாள் காலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அன்னக்கொடியின் வீட்டுக்குப் போனாள். அவள் வாசலில் கருவாட்டுக்கு மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் குருவி..."

"உன்னோடது" என்றாள் அன்னக்கொடி, தலை நிமிராமல்.

குணவதிக்கு வந்த வேகமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. "எப்பலேருந்து தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். எங்க வீட்டுக்காரரு ஒரு நாளாவது நான் பேசி முடிக்கிற வரைக்கும் எதுக்க நின்னுருக்காரா? பாதிப் பேச்சுல எந்திரிச்சு சட்டைய மாட்டிக்கிட்டுப் போவாரு. இது நின்னு கேட்டுச்சுடி. அலகக் கூட சேத்துல வைக்காம கேட்டுச்சு. நம்ம ஆளு இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு." ஒரு மீனை அலசிக் கூடையில் போட்டாள். "யாரு ஆளுன்னு மட்டும் தெரியல. ஒரு நாளு பேச்சுவாக்குல உம் பேரச் சொன்னேன். நாலடி கிட்ட வந்துச்சு. மறுபடியும் சொன்னேன், இன்னும் நாலடி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருக்கலாம்." அன்னக்கொடி இப்போதுதான் நிமிர்ந்தாள். "மனசு வரல குணவதி. எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தரு எதுக்க நின்னு கேட்டாரு. குடுக்க மனசு வரல. என்னைய நீ என்ன வேணா திட்டிக்க."

திட்டத்தான் வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மீனை எடுத்து அலசினாள். கூடை பாதி நிறைந்ததும், "அப்படி என்னதான் பேசுவிய நாலு மாசமா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்னா கதை இருக்கு? எங் கதை ஒரு வாரத்துல தீந்துபோச்சு" என்றாள் அன்னக்கொடி. "அதுக்கப்புறம் பூரா உங் கதைதான். உன்னையப் பத்திப் பேசுனாத்தானே அது நிக்கும்."

மிச்சம் இருந்த நாலு மத்தியானமும் அவர்கள் இரண்டு பேரும் மதகுக் கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்போதும் குணவதிக்குப் பேச்சு வரவில்லை. அன்னக்கொடிதான் பேசினாள், இதோ உக்காந்திருக்கா பாருங்க, நேத்து ராத்திரி வெறும் கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்திருக்கா, கேளுங்க என்று பிராது சொன்னாள். குருவி ஒரு முறை அவளையும் ஒரு முறை இவளையும் பார்த்தது. குணவதி அந்தச் செம்மண் நிற இறகுகளையும் இறங்கிய தோளையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த முறை ஒன்றையும் பழைய கணக்கில் பார்க்கவில்லை. ஆசை ஆசையாக இருந்தது. கையை நீட்டவில்லை.

ஐந்தாம் நாள் விடியலில் கழிமுகம் காலியாக இருந்தது. பெண்கள் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு, பூவைத் தலையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு உப்பு வாரப் போனார்கள். நாய்களை அவிழ்த்து விட்டார்கள். டீக்கடைக்காரர் பாட்டைச் சத்தமாக வைத்தார், ஒரே நாளில் யாருக்கும் அது பிடிக்காமல் அவரே குறைத்துவிட்டார்.

குணவதி மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தாள், சோறு போட்டுக்கொள்ளவில்லை. மஸ்கட்டில் இது சாப்பாட்டு நேரம். பதினாலு மாசமாகத் தொடாத எண்ணைத் தொட்டாள், மணி அடித்தது, நாலாவது மணிக்கு எடுத்தார்கள். பின்னால் யாரோ இரும்பை இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது.

வாய்க்கு வந்துவிட்டதே என்று, அது மறுபடியும் போய்விடுமுன் சொல்லிவிட வேண்டுமே என்று, அவள் அவசரமாக, "வைரக்கண்ணு" என்றாள்.

"ஆமா, யாருங்க பேசுறது?" என்றது அந்தக் குரல்.

இங்கிருந்து போட்டால் அங்கே எண் சரியாக விழாது, குரலிலும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாதுதான், ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்டே அறியாத சொல் அது. நான்தான் என்று சொன்னால் முடிந்தது, அவளால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை, ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அவர் வைத்துவிடவில்லை. ஹலோ என்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரும்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது, நடந்து போய் ஓர் ஓரமாக நின்றிருக்க வேண்டும்.

"குதிகால் வெடிப்பு ஆறிருச்சா?" என்று கேட்டார்.

அது தை மாதத்து வெடிப்பு, உப்பு இறங்கி ரணமாகி அவள் நொண்டிக்கொண்டு திரிந்தது, அன்னக்கொடியைத் தவிர ஒருத்தருக்கும் அவள் காட்டாதது.

"இல்லைங்க" என்றாள் குணவதி. "வந்து பாருங்க."